தோளைப் பார்த்துப் பேசியவர்

அவர் என்னோடு பழகிய இரண்டு வருடத்தில் ஒரு தடவைகூட என் முகத்தை நேரே பார்த்ததில்லை. பேசும்போது என் இடது தோளைத்தான் பார்ப்பார். தோளில் காகம் எச்சமிட்டு விட்டதோ என்று ஆரம்பத்தில் இரண்டு மூன்று தடவை உடுப்பைத் தட்டிக்கூடப் பார்த்திருக்கிறேன். நான் மன்னார்த் தீவில் பேசாலைக்காரி. எங்களூரில் சண்டை என்றாலும் சமாதானம் என்றாலும் முகத்துக்கு நேரேதான். கண்ணைக் கொடுக்காத மனிதரோடு எனக்கு ஒத்துவராது என்று முதல் நாளே முடிவு கட்டிவிட்டேன். அந்த முடிவு எவ்வளவு பெரிய பிழை என்று விளங்க எனக்கு ஏழு மாதம் பிடித்தது.

அவருடைய பெயர் என் பதிவேட்டில் இருந்தது. இங்கே எழுதப் போவதில்லை. ஊரும் அந்தப் பெயரால் அவரை அழைத்ததில்லை. முகத்துக்கு முன்னால் 'அண்ணை', முதுகுக்குப் பின்னால் 'குரங்கு டொக்குத்தர்'.

யுத்தம் முடிந்து, முகாம்களிலிருந்து சனத்தை பஸ்களில் கொண்டுவந்து இறக்கிய காலம் அது. இலுப்பைக்கடவைக்கு உள்ளே, வயலும் காடும் முட்டிக்கொள்ளும் ஒரு கிராமத்துக்கு நான் குடும்பநல உத்தியோகத்தராகப் போனேன். சனத்துக்கு நான் 'மிஸி'. கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் பார்ப்பதுதான் என் வேலை. ஆனால் ஆள் பற்றாக்குறை. மலேரியாவுக்கு விரலில் குத்தி இரத்தம் எடுப்பது, அதைக் கண்ணாடித் தகட்டில் பூசி ஆய்வுகூடத்துக்கு அனுப்புவது, மருந்துக் குளிசை கொடுப்பது எல்லாம் என் தலையில் விழுந்தன. கிளினிக் என்றால் ஒரு தறப்பாள் கூரை, ஒரு மேசை, இரண்டு கதிரை. பக்கத்தில் கூரையில்லாத பள்ளிக்கூடம். அதன் சுவர்களில் வரிசையாக மந்திகள். சனம் இல்லாத காலத்தில் அவைதான் அங்கே குடியிருந்தன. பேசாலையில் மந்தியும் இல்லை, குரங்கும் இல்லை. மன்னார்க் கழுதைகளைப் பார்த்து வளர்ந்தவள் நான். கறுத்த முகத்தோடு, நீள வாலைத் தொங்கவிட்டுக்கொண்டு, நான் ஊசி போடுவதை மேற்பார்வை செய்யும் அந்தக் கூட்டத்தைக் கண்டால் எனக்குப் பயம்.

முதல் கிளினிக் அன்று அவர் வந்து பாலை மரத்தடியில் நின்றார். அறுபதைத் தொடும் வயது. மெலிந்த உடம்பு, சாரம், கழுத்துவரை பொத்தான் பூட்டிய வெள்ளைச் சட்டை. வரிசைக்கும் வரவில்லை, போகவும் இல்லை.

"ஐயா, உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டேன்.

"எனக்கொண்டும் வேண்டாம் மிஸி. அந்த மூண்டாவதா நிக்கிற பொடியனுக்குக் காயுது" என்று என் தோளிடம் சொன்னார்.

மூன்றாவதாக நின்றவன் இருபது வயது இளைஞன். பக்கத்தில் நின்றவனோடு பகிடிவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தான். வெப்பமானியை வைத்துப் பார்த்தேன். காய்ச்சல் ஒன்றுமில்லை. "ஐயா, இஞ்ச டொக்டர் நானோ நீங்களோ?" என்றேன். நானும் டொக்டர் இல்லைதான். கோபம் வந்தால் அந்த விபரமெல்லாம் யார் பார்ப்பது? பின்னேரம் இரண்டு மணிக்கு நான் மேசையை மடித்துக்கொண்டிருந்தபோது, அதே இளைஞனை இரண்டு பேர் தாங்கிக்கொண்டு வந்தார்கள். வெய்யில் மண்டையைப் பிளந்தது. அவன் பற்கள் கிடுகிடுக்க நடுங்கிக்கொண்டிருந்தான்.

வெப்பமானி ஏன் ஏமாற்றியது என்பது பிறகுதான் தெரிந்தது. கிளினிக்குக்கு வருமுன் ஊரில் பாதிப்பேர் காய்ச்சலை அடக்க இரண்டு பனடோலை விழுங்கிவிட்டு வந்தார்கள். காரணம் முகாம். அங்கே காய்ச்சல் என்று சொன்னவரை அம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டு போனார்கள். எந்த ஆஸ்பத்திரி என்று வீட்டாருக்குத் தெரியாது. சிலர் மாதக்கணக்கில் திரும்பவில்லை. அதற்குள் குடும்பத்தை ஊருக்கு பஸ் ஏற்றிவிட்டார்கள். காய்ச்சல் என்றால் பிரித்துவிடுவார்கள் என்று சனம் மனதில் எழுதிவைத்துக்கொண்டது. கிளினிக்குக்கு வராவிட்டால் நான் வீடு தேடிப் போவேன் என்ற பயத்தில் வந்தார்கள். வேறு ஊர்களில் மருந்து கேட்டு வரிசையில் நிற்பார்கள். இங்கே தனக்கு ஒன்றுமில்லை என்று காட்டுவதற்காக வரிசையில் நின்றார்கள். உள்ளே காய்ச்சல் உள்ளவர்கள்தான் அதிகம் சிரித்தார்கள்.

"கேட்டாச் சொல்ல மாட்டினம் மிஸி" என்றார் அவர். "கேக்கப்படாது. இருக்கிற இருப்பைப் பாக்கவேணும்."

என்ன இருப்பு என்று கேட்டேன். காய்ச்சல் ஏறப்போகிறவன் பெருவிரலை உள்ளே வைத்துக் கையைப் பொத்துவானாம். காற்று வருகிற பக்கத்துக்கு முதுகைக் கொடுப்பானாம். தோள் இரண்டும் காதுப்பக்கம் ஒரு விரலளவு ஏறுமாம். மற்றவர்கள் நிழலுக்கு ஒதுங்கும்போது அவன் கால் தன்பாட்டில் வெய்யிலுக்குப் போகுமாம். எனக்கு ரோசம் வந்துவிட்டது. ஒரு மாதம் நானும் கண்ணை விரித்துக்கொண்டு தோளையும் பெருவிரலையும் பார்த்தேன். நான் காய்ச்சல் என்று பிடித்த ஆறு பேரில் ஒருவனுக்கு வயிற்றுக்குத்து, ஒருத்தி புருஷனோடு சண்டை, மற்ற நாலு பேருக்கும் ஒன்றுமே இல்லை. அதோடு விட்டுவிட்டேன். சிலருக்குச் சங்கீதம் வராது, எனக்கு இது வரவில்லை.

அவருக்கு எப்படி வந்தது என்பதைத் துண்டு துண்டாகத்தான் சொன்னார். ஊரில் வேலி கட்டிக் கொடுப்பதுதான் அப்போது அவர் பிழைப்பு. வேலிக்குக் கம்பி இழுக்கும்போது ஒரு துண்டு, நான் சைக்கிளுக்குக் காற்று அடிக்கும்போது ஒரு துண்டு. இளவயதில் கொழும்பில் ஒரு ஆய்வுகூடத்தில் வேலை. அங்கே மலேரியாவை ஆராய்ந்தார்கள். குரங்குக்கும் ஒரு மலேரியா உண்டு என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். மனிதருக்கு வருகிற முறைக்காய்ச்சலைப் போலவே அதுவும் ஒருநாள் விட்டு ஒருநாள் வருமாம். தலையில் வட்டமாக மயிர் வளர்ந்த நம்மூர்க் குரங்குகளைக் கூட்டில் வைத்து, காய்ச்சலை ஏற்றி, நுளம்பு கடிக்க விட்டு, இரத்தத்தை எடுத்துப் பார்த்தார்கள். கிருமி எப்படி உடம்புக்குள் வளர்கிறது, நுளம்புக்குள் போவதை எப்படித் தடுக்கலாம் என்று தேடினார்கள். கூடு கழுவுவதும் பழம் வெட்டுவதும் இரத்தம் எடுக்கும்போது குரங்கைப் பிடித்துக்கொள்வதும் இவர் வேலை. ஒன்பது வருடம் செய்திருக்கிறார்.

"கண்ணுக்குள்ள பாத்தா, சண்டைக்கு வாறன் எண்டுதான் அதுகள் நினைக்கும்" என்றார். "அதால தோளைப் பாத்துப் பழகீட்டன். இப்ப மனுசரையும் பாக்க வருகுதில்லை. குறை நினைக்காதேங்கோ."

குரங்கு நோயைக் காட்டாது என்பதையும் அவர்தான் சொன்னார். காட்டில் சோர்ந்திருக்கும் குரங்கை மற்றவை அடித்து இடத்தைப் பிடித்துவிடும். அதனால் சுகமில்லாத குரங்குதான் கூடத் துள்ளும். படித்தவர்கள் வெப்பமானியோடு வருமுன்னே, இன்றைக்கு எந்தக் கூட்டில் காய்ச்சல் என்று இவர் சொல்லிவிடுவாராம். முதலில் சிரித்தார்களாம். பிறகு அவர் சொல்வதையும் ஒரு ஓரத்தில் குறித்துக்கொண்டார்களாம். நான் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தேன். என் கிளினிக்கில் சிரித்துக்கொண்டு நிற்கும் சனத்தை அவர் எங்கே வைத்துப் படித்தார் என்பது அப்போதுதான் விளங்கியது.

ஆரம்பத்தில் அவர் ஆளை விரலால் சுட்டிக்காட்டினார். அதுதான் வினையாகப் போனது. இந்தச் சனம் எத்தனையோ வரிசைகளில் நின்ற சனம். வரிசைக்கு ஓரமாக நின்று, ஒவ்வொருவராகப் பார்த்து, ஆளைக் காட்டிக்கொடுக்கிறவனை அவர்களுக்குத் தெரியும். தலையாட்டி என்பார்கள். அவன் தலையை ஆட்டினால் ஆள் போய்விடும். ஒருநாள் மூன்று பேர் என் சைக்கிளை மறித்தார்கள்.

"மிஸி, அந்தாள் ஆர்? ஆருக்கு வேலை செய்யிறார்? கண்ணைப் பாக்கிறாரில்லை. ஆக்களைக் காட்டுறார்."

"காய்ச்சலைக் காட்டுறார்" என்றேன்.

"முதல்ல காய்ச்சலைத்தான் காட்டுவினம்" என்றான் ஒருவன். பகிடியாகச் சொல்லவில்லை.

அவரிடம் போய்ச் சொன்னேன். கையிலிருந்த கம்பியைக் கீழே வைத்தார். அதற்குப் பிறகு அவர் விரல் எழும்பவே இல்லை. காய்ச்சல்காரருக்குப் பக்கத்தில் போய்ச் சும்மா நிற்கத் தொடங்கினார். நான் அதைப் பார்த்து ஒன்றும் தெரியாதவள் போல அவர் நிற்கும் இடத்திலிருந்து இரத்தம் எடுப்பேன். சனம் விடுமா? இரண்டு கிளினிக்கில் விஷயம் பிடிபட்டுவிட்டது. அவர் கிட்ட வந்தால் ஆள் நகரும். ஒரு கிழவி நகர்ந்து நகர்ந்து மேசையைச் சுற்றி என் கதிரைக்குப் பின்னால் வந்து நின்று, "எனக்கில்லை மிஸி, எனக்கில்லை, அவருக்குத்தான் ஏதோ" என்று கும்பிட்டாள். இரத்தத்தில் பார்த்தால் அவளுக்குத்தான் இருந்தது. குளிசை குடித்துச் சுகமானபின் அந்தக் கிழவியே அவருக்குக் காயவைத்த பனங்கிழங்கு ஒடியல் கொண்டுபோய்க் கொடுத்தாள். ஆனால் சந்தேகம் முழுதாகப் போகவில்லை.

அது அசைந்தது பள்ளிக்கூடம் திறப்பதற்கு முதல் நாள். மந்திகளைத் துரத்த ஊர் ஆண்கள் எல்லாரும் தடியோடும் கல்லோடும் போனார்கள். பள்ளிக்கூடத்தை நாலு பக்கமும் சுற்றி நின்று கல்லெறிந்தார்கள். மந்திகள் உள்ளே ஒரு சுவரிலிருந்து மறுசுவருக்குப் பாய்ந்தன, அலறின, சுவர்க் கற்களை உதிர்த்தன. குட்டியைக் கட்டிக்கொண்டிருந்த ஒன்று மூலையில் ஒடுங்கிப்போய் இருந்தது. எறி கூடக் கூட அவை இன்னும் உள்ளேதான் போயின. நான் தறப்பாளுக்குள்ளேயே நின்றுகொண்டேன். அவர் வேலி வேலையை விட்டுவிட்டு வந்தார். அதற்கு முன்னும் பின்னும் அவர் சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை.

"காட்டுப்பக்கத்தை விடுங்கோ! நாலு பக்கமும் மறிச்சு நிண்டு அடிச்சா அதுகள் எங்க போறது?"

கல்லோடு உயர்ந்த கைகள் அப்படியே நின்றன. ஒருவரும் ஒருவர் முகத்தைப் பார்க்கவில்லை. நாலு பக்கமும் மறித்த ஒரு துண்டு நிலத்துக்குள் இருந்து உயிர் தப்பி வந்த சனம் அது. யாரும் யாருக்கும் அதை எடுத்துச் சொல்லத் தேவையிருக்கவில்லை. காட்டுப்பக்கம் நின்றவர்கள் ஒவ்வொருவராக விலகி வந்து இந்தப் பக்கம் நின்றார்கள். சற்று நேரத்தில் பெரிய ஆண் மந்தி இறங்கியது. பிறகு மற்றவை. குட்டிக்காரி கடைசியாகப் போனாள். கல்லை எறிந்தவர்களில் ஒருவர் மண்ணில் குந்தியிருந்து அழுதார். அன்றிலிருந்து அண்ணையைப் பற்றி என்னை மறித்துக் கேள்வி கேட்க யாரும் வரவில்லை.

எனக்கும் ஒரு கேள்வி நெஞ்சில் கிடந்தது. ஒருநாள் கேட்டுவிட்டேன். "அந்தக் குரங்குகளுக்கு வேணுமெண்டு காய்ச்சலை ஏத்தினது பாவமில்லையோ?"

"பாவம்தான்" என்றார். உடனே சொன்னார், யோசிக்கவில்லை. "ஒருத்தி இருந்தவ. நான் கூட்டைத் திறந்தால் தானே கையை நீட்டுவா. ஊசிக்குத்தான் வாறன் எண்டு தெரியும், நீட்டுவா. அது நம்பிக்கையோ, அலுப்போ எண்டு எனக்கு இண்டைக்கும் தெரியாது." பிறகு சொன்னார், "நீங்கள் சனத்துக்குக் குடுக்கிற மருந்தில அவையின்ர பங்கும் இருக்கு மிஸி. எங்களைப் போலக் காயிற படியால்தான் அவையைப் பிடிச்சது. எங்களைப் போலக் காயுமெண்டா எங்களைப் போல நோகும்தானே. அதை மட்டும் அவங்கள் கொப்பியில எழுதேல்லை."

கொழும்பை விட்டு ஏன் வந்தீர்கள் என்றும் அன்றுதான் கேட்டேன். எண்பத்துமூன்று ஆடியில் நகரம் எரிந்தபோது, அங்கே பொறுப்பாக இருந்த சிங்களவர் இவரைக் குரங்கு அறைக்குள் விட்டு வெளியே பூட்டினாராம். இரண்டு நாள். முதல் நாள் கதவுக்கு வெளியே தமிழர் யாரும் இருக்கிறார்களா என்று தேடிக்கொண்டு ஆட்கள் நடந்தார்களாம். அந்நியச் சத்தம் கேட்டால் கூட்டை உலுக்கிக் கத்துகிற சாதி அது. அன்றைக்கு ஒன்றும் கத்தவில்லை. உள்ளே ஆள் இருக்கும் என்று யாரும் நினைக்கவில்லை.

"கடவுளே, உங்களைக் காப்பாத்தத்தான் அதுகள் பேசாமல் இருந்திருக்கு!" என்றேன்.

"இல்லை மிஸி. அண்டைக்கு அதுகளுக்குக் காய்ச்சல் நாள். கத்தப் பலமில்லை" என்றார். "நாங்கள் ஏத்தின காய்ச்சல்."

அவர் எழுந்து போய் வேலியைக் கட்டினார்.

இனி சுகந்தியைப் பற்றிச் சொல்லவேண்டும். இருபத்துமூன்று வயது. வயிற்றில் ஏழு மாதம். ஷெல் விழுந்து ஒரு காலை இழுத்து நடக்கும் தாயோடு, தகரக் கொட்டிலில் இருந்தாள். புருஷன் வவுனியாவுக்கு அப்பால், போராளிகள் என்று பிடித்தவர்களை வைத்திருந்த ஒரு புனர்வாழ்வு முகாமில் இருந்தான். ஒரேயொரு தடவை பார்க்க விட்டார்கள். மேசைக்கு இந்தப் பக்கம் இவள், அந்தப் பக்கம் அவன், பக்கத்தில் ஒரு ஆமிக்காரர். "நல்லா இருக்கிறன்" என்று மூன்று தரம் சொன்னானாம். நல்லா இருக்கிற ஆள் அதை ஏன் மூன்று தரம் சொல்லவேண்டும் என்று அன்றிலிருந்து இவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவனை அடிக்கிறார்களா, இல்லையா. அது ஒன்றுதான் அவளுக்குத் தெரியவேண்டும். அடுத்த சந்திப்புக்கு வியாழக்கிழமை என்று துண்டு வந்திருந்தது. கும்பிட்டுக் காத்திருந்தாள்.

அதற்கு முந்திய வெள்ளிக்கிழமை கிளினிக்கில் அவர் போய் சுகந்தியின் பக்கத்தில் நின்றார்.

"என்ர பக்கத்தில நிக்காதேங்கோ!" என்று அவள் கத்தினாள். "மிஸி, இந்தாளைப் போகச் சொல்லுங்கோ. எனக்கொண்டுமில்லை."

வெப்பமானியில் ஒன்றுமில்லை. இரத்தம் எடுத்தேன். திங்கட்கிழமை துண்டு வந்தது, கிருமி இல்லை என்று. சுகந்தி அதை என் கையிலிருந்து பறித்து நெஞ்சில் வைத்துக்கொண்டாள். எனக்கும் நிம்மதி. போகட்டும், ஒரு தடவையாவது அவர் சொன்னது பிழையாகட்டுமே என்று உள்ளுக்குள் ஒரு அற்ப சந்தோஷம்கூட இருந்தது. அவரிடம் போய்ச் சொன்னேன்.

"அண்டைக்கு அந்தத் துளிக்குள்ள அம்பிடேல்லை, அவ்வளவுதான்" என்றார். "நாளைக்கு அவளுக்கு முறை. பின்னேரம் மூண்டு மணிக்குப் போய் எடுங்கோ. சொல்லிப்போட்டுப் போகாதேங்கோ. வயித்தில பிள்ளை, மிஸி."

செவ்வாய்க்கிழமை போனேன். அவரைப் பிழையென்று காட்டவேண்டும் என்ற எண்ணத்தோடுதான் போனேன் என்பதை மறைக்காமல் சொல்கிறேன். கொட்டிலுக்குள் சுகந்தி இரண்டு போர்வைக்குக் கீழே குலுங்கிக்கொண்டிருந்தாள். போர்வை பறக்காமல் தாய் அதன்மேல் ஏறி இருந்து அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள். என் கைக்கடிகாரத்தில் மூன்று ஐந்து. இரத்தத்தை எடுத்துக்கொண்டு நானே சைக்கிளில் போய்க் கொடுத்துவிட்டு நின்றேன். நுணுக்குக்காட்டியில் பார்த்தவர் நிமிரவேயில்லை, தலையை மட்டும் மேலும் கீழும் அசைத்தார்.

அன்றிரவு வந்த அம்புலன்ஸைக் கண்டதும் சுகந்தி கொட்டில் கூரையைத் தாங்கிய கப்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். விரல்களைப் பிரிக்க முடியவில்லை. அம்புலன்ஸைத் திருப்பி அனுப்பிவிட்டு ஓட்டோ பிடித்தேன். தாயையும் ஏற்றினேன். நானும் ஏறினேன். ஆஸ்பத்திரியில் டொக்டர் ஐந்து நாள் என்றார். பிள்ளைக்கு ஒன்றும் நடக்கவில்லை என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன், வாசிக்கிறவர்களைக் காக்கவைப்பது எனக்குப் பிடிக்காது. பெண் பிள்ளை. இப்போது தாயைவிட உயரம்.

ஆனால் ஐந்து நாள் என்றால் வியாழக்கிழமைச் சந்திப்பு கைவிட்டுப் போகும். சுகந்தி சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். "நான் போகாட்டி, எனக்கு ஏதோ நடந்திட்டுது எண்டு அவர் நினைப்பார். அவருக்கு என்ன நடக்குதெண்டு எனக்கும் தெரியாது" என்று சுவரிடம் சொன்னாள். தாயால் பஸ்ஸில் அவ்வளவு தூரம் போக முடியாது. வேறு ஆட்கள் இல்லை.

"நான் போறன்" என்று வாசலில் இருந்து ஒரு குரல். புதன்கிழமை காலையில் அவர் வந்து நின்றதை நாங்கள் கவனிக்கவில்லை.

"நீங்கள் ஆர் எனக்கு?" என்றாள் சுகந்தி. "நீங்கள்தானே என்னை இஞ்ச கிடத்தினது."

"ஓம், நான்தான்" என்றார். "அதாலதான் நான் போகவேணும்."

கிராம அதிகாரியான விதானையாரிடம் நான் போய்ச் சண்டை பிடித்து, அண்ணை சுகந்தியின் தாய்மாமன் என்று ஒரு கடிதம் வாங்கினேன். பொய்க் கடிதம்தான். செபமாலை சொல்லும்போது அதற்காக இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை, கேட்கப் போவதுமில்லை. வியாழன் விடிய அவர் முருங்கனில் பஸ் மாறிப் போனார். கொழும்பில் பழகிய சிங்களம் முகாம் வாசலில் கைகொடுத்திருக்கிறது.

வெள்ளிக்கிழமை பத்து மணிபோல் வார்ட்டுக்கு வந்தார். அதே வெள்ளைச் சட்டை, பஸ்ஸில் கசங்கியிருந்தது. கட்டிலுக்கு இரண்டு எட்டுத் தள்ளி நின்றார்.

"என்ன சொன்னவர்?" என்று சுகந்தி எழுந்து உட்கார்ந்தாள்.

"சுகமா இருக்கிறன் எண்டு சொல்லச் சொன்னவன்."

அவள் முகம் விழுந்துவிட்டது. "அதைத்தானே எனக்கும் சொன்னவர்."

"அவன்ர கதையைக் கேக்க நான் போகேல்லை, பிள்ளை" என்றார். அவள் தோளைப் பார்த்தபடி மெதுவாகச் சொல்லத் தொடங்கினார். "நடந்து வந்தவன். ரெண்டு காலையும் ஒரே அளவுக்குத்தான் வைச்சவன். மர வாங்கில இருக்கேக்க கையை ஊண்டேல்லை. இருந்து, முதுகைச் சுவரில சாய்ச்சவன். முதுகில நோ இருக்கிறவன் சாயமாட்டான். அவனுக்குப் பின்னால ஒரு ஆமிக்காரன் பூட்ஸ் சத்தத்தோட ரெண்டு தரம் போய்வந்தவன். அப்ப இவன்ர தோள் ஏறேல்லை. அடி வாங்கிற உடம்பெண்டா அந்தச் சத்தத்துக்குத் தோள் ஏறும், தனக்குத் தெரியாமலே ஏறும். தேத்தண்ணியை ஒரே கையால தூக்கிக் குடிச்சவன், விரல் நடுங்கேல்லை. இடது விலாவை மட்டும் முழங்கையால காத்துக்கொண்டு இருக்கிறான். அதில முந்தி நொந்திருக்கு. அது ஆறின நோ. பழக்கத்தில காக்கிறான்." நிறுத்தினார். "இப்ப அவனை ஒருத்தரும் அடிக்கிறேல்லை."

"மெய்யாவோ?"

"நான் பாத்தது."

சுகந்தி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டேன். சொல்ல வெட்கமில்லை, அழுதேன். ஒன்பது வருடம் குரங்குக் கூட்டுக்கு முன்னால் தலை குனிந்து நின்றவருக்குத்தான் இதைப் பார்த்துவர முடிந்தது. நானோ, டொக்டரோ, கடிதமோ கொண்டுவர முடியாத செய்தி அது.

"இன்னொருக்காச் சொல்லுங்கோ" என்றாள்.

அவர் முதலிலிருந்து சொன்னார். நடந்து வந்தது, வாங்கில் இருந்தது, சாய்ந்தது, தேத்தண்ணி குடித்தது. வார்ட்டில் பேச்சு நின்றுபோயிருந்ததை அப்போதுதான் உணர்ந்தேன். மருந்து கொடுக்கும் தாதிகூடத் தட்டோடு நின்றுவிட்டாள். எதிர்க் கட்டிலில் இருந்த ஒரு அம்மா, சேலைன் ஏறும் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தாள். எங்களூர்க்காரி இல்லை. அவரை முன்பின் தெரியாது.

"ஐயா, என்ர மோனும் அங்கதான். சுகம், சுகம் எண்டுதான் எழுதுறான். அடுத்தமுறை போனா ஒருக்காப் பாப்பியளோ?"

அதற்கடுத்த கட்டிலில் இன்னொருத்தி எழுந்து உட்கார்ந்தாள். வாசல் பக்கத்துக் கட்டிலில் ஒருத்தி காலைக் கீழே வைத்தாள்.

அவர் அந்த அம்மாவின் தோளைப் பார்த்தார். "மோன்ர பேரைச் சொல்லுங்கோ" என்றார்.

நான் கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தைத் திறந்து எழுதத் தொடங்கினேன். அந்த ஒரு பக்கம் போதவில்லை.